பென் டிரைவ் சாகல, கேட்ட கேள்விக்கு பதில் வரல

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு மாணவர் பக்கத்துல யூஎஸ்பி பத்தி போட்டிருந்தீங்க. யூஎஸ்பின்னா யுனிவர்சல் சீரியல் பஸ், அதுல 127 சாமான் வரைக்கும் மாட்டலாம், கீழ ஒரு படம், அவ்வளவுதான். போட்டது நல்ல விசயம், குறை சொல்ல இத எழுதல. ஆனா மறுநாளே ஸ்கூல் விட்டு வந்த புள்ளைங்க கடை வாசல்ல நின்னுக்கிட்டு "அண்ணே 127 மாட்டலாமாமே, அப்ப ஏன் எங்க லேப்ல ஒரு வாய பலதா பிரிக்கிற அந்த சின்ன ஹப்புல ஒரு ஹார்ட் டிஸ்க் மாட்டினாலே டிக் டிக்னு அடிச்சிட்டு காணாம போயிடுது" ன்னு கேட்குதுங்க. நியாயமான கேள்விதானே. அதுக்கு பதில் சொல்லத்தான் இந்த கடிதம், கொஞ்சம் நீளமா போகும், வெட்டிப் போட்டாலும் கோவிச்சுக்க மாட்டேன்.

நான் தலவாக்கலை டவுன்ல சின்னதா ஒரு கொமியூனிகேஷன் வச்சிருக்கேன், போட்டோ கொப்பி, பிரிண்ட், டைப்பிங், அதோட கொம்பியூட்டர் ரிப்பேரும். வர்றவங்கள்ல முக்கால்வாசி பேர் சுத்துவட்டார தோட்டத்து ஆளுங்க. மழையில பஸ் புடிச்சு வந்து ஒரு பென் டிரைவ நீட்டி "தம்பி இது செத்துப்போச்சாம், வேற ஒரு எடத்துல பார்த்துட்டு சொன்னாங்க, புதுசு ஒன்னு குடுங்க" ம்பாங்க. வாங்கி பார்த்தா நிறைய தடவ அது நல்லாத்தான் இருக்கும். மாட்டினதும் உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரிஞ்சா அவங்களே கண்டுபுடிச்சிருப்பாங்க, சல்லியும் மிச்சம், பஸ் காசும் மிச்சம். எனக்கு யாவாரம் கொறையுமே ன்னு கேட்காதீங்க, ரிப்பேருக்கு வேற எவ்வளவோ வருது.

சரி, மாட்டினா என்ன நடக்குது. ஒரு பென் டிரைவ எடுத்து வாய்ப்பக்கத்த வெளிச்சத்துல புடிச்சு பாருங்க, தங்கக் கலர்ல நாலு தகடு தெரியும். ஓரத்துல இருக்கிற ரெண்டும் கொஞ்சம் நீளம், நடுவுல இருக்கிற ரெண்டும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு கட்டை. சும்மா அழகுக்கு செஞ்சதில்ல அது. ஓரத்துல ஒன்னு 5 வோல்ட், மத்தது கிரவுண்ட், நடுவுல ரெண்டும் டேட்டா. உள்ள தள்ளும்போது நீளமானது முதல்ல முட்டும், அதனால கரண்ட் முதல்ல போகும், பேச்சு அதுக்கு பொறகு. கழட்டும்போது தலைகீழ், பேச்சு முதல்ல அறும், கரண்ட் கடைசியா. மெஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே மாட்டி கழட்ட முடியுதே, அதுக்கு இதுவும் ஒரு காரணம். பழைய உருண்டை வாய் கீபோர்ட் ஞாபகம் இருக்கிறவங்களுக்கு தெரியும், அத ஓடுற மெஷின்ல மாட்டினா வேலை செய்யாது, ஓஃப் பண்ணி ஓன் பண்ணணும், சில நேரம் போர்ட்டே போயிடும்.

கரண்ட் வந்ததும் பென் டிரைவ் வாய திறந்து பேசாது. உள்ள இருக்கிற 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்னு டேட்டா வயர் ரெண்டுல ஒன்னை மட்டும் மேல இழுத்து புடிக்கும், அத பார்த்துத்தான் கொம்பியூட்டருக்கு "ஏதோ ஒன்னு வந்திருக்கு" ன்னு தெரியும். டி பிளஸ் வயர இழுத்தா வேகமான சாமான், டி மைனஸ் வயர இழுத்தா சாதாரண மவுஸ், கீபோர்ட் போல மெதுவான சாமான். அப்புறம் கொம்பியூட்டர் ரெண்டு வயரையும் குறைஞ்சது 10 மில்லி செக்கன் கீழ அமுக்கி, வந்த சாமான ரீசெட் பண்ணும். ரீசெட் ஆனதும் அதோட நம்பர் பூச்சியம். புதுசா வர்ற எல்லாத்துக்கும் முதல்ல பூச்சியம்தான், அதனால ஒரே நேரத்துல ஒன்னைத்தான் விசாரிக்க முடியும். நீ யாரு, எந்த கம்பெனி, என்ன மொடல், என்ன வகை ன்னு கேட்கும், அது 18 பைட்ல பதில் சொல்லும், அதுக்கு புது நம்பர் ஒன்னு குடுத்துட்டு மிச்ச விபரத்தையும் கேட்டு வாங்கும். நம்பருக்கு ஒதுக்கின எடம் 7 பிட், அப்படின்னா 0ல இருந்து 127 வரைக்கும் 128 நம்பர், பூச்சியம் புதுசா வர்றவங்களுக்கு போக மிச்சம் 127. நீங்க போட்ட 127 இங்கதான் வருது. இதுல ஹப்பும் ஒரு நம்பர சாப்பிடும், அதோட ஹப்புக்கு பின்னால ஹப்பு ன்னு அஞ்சுக்கு மேல தொடுக்கவும் முடியாது.

நம்பர் குடுக்கலாம், கரண்ட் குடுக்கணுமே. விசாரணை முடியிற வரைக்கும் ஒரு சாமானுக்கு யூஎஸ்பி 2ல 100 மில்லி அம்பியர்தான் அனுமதி, யூஎஸ்பி 3ல 150, முடிஞ்சதும் யூஎஸ்பி 2ல 500 வரைக்கும், யூஎஸ்பி 3ல 900 வரைக்கும். தனியா அடப்டர் இல்லாத ஹப்புன்னா வாங்கின அந்த 500ஐத்தான் பங்கு போடணும், கணக்குப்படி ஒரு வாய்க்கு 100. மவுஸுக்கு அது தாராளம், ஹார்ட் டிஸ்க்குக்கு உள்ள சுத்துற மோட்டருக்கு காணாது, சுத்த தொடங்கும், வோல்ட் எறங்கும், நிக்கும், திரும்ப தொடங்கும், அந்த டிக் டிக் சத்தம் அதுதான். ஹார்ட் டிஸ்க் போயிடுச்சுன்னு அழுதுக்கிட்டு வந்த டீச்சர் ஒருத்தங்களுக்கு மெஷினுக்கு பின்னால மதர்போர்டோட ஒட்டியிருக்கிற போர்ட்ல கட்டை கேபிள் ஒன்னு போட்டு மாட்டிக் காட்டினேன், எல்லா பைலும் வந்திச்சு. டெஸ்க்டொப்ல முன்பக்க போர்ட்டுக்கு உள்ளால ஒரு மெல்லிசு வயர்தான் போகும், பாரமான சாமான் எப்பவும் பின்னாலதான் மாட்டணும்.

இன்னொரு விசயம் எனக்கு ரொம்ப புடிச்சது. யூஎஸ்பில மாட்டின சாமான் தானா ஒரு வார்த்தை பேசாது. தோட்டத்துல காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துல கணக்கப்புள்ள பேர் கூப்பிட்டா மட்டும் ஆள் குரல் குடுக்கிற மாதிரித்தான். நீங்க மவுஸ நகர்த்தினதும் மவுஸ் ஓடிப்போய் சொல்றதில்ல, கொம்பியூட்டர்தான் சாதாரணமா 8 மில்லி செக்கனுக்கு ஒரு தடவ "நகர்ந்தியா, அமுக்கினாங்களா" ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும், செக்கனுக்கு 125 தடவ, ஒன்னும் இல்லன்னா இல்லன்னு பதில் வரும். கெமரா, மைக்குக்கு நேரத்த முன்கூட்டியே ஒதுக்கி வச்சிடும், அதுல ஏதாவது விட்டுப்போனா திரும்ப கேட்காது, அதனாலதான் சத்தத்துல கொஞ்சம் வெட்டு விழுந்தாலும் நிக்காம தொடர்ந்து போகுது. பென் டிரைவுக்கும் பிரிண்டருக்கும் மிச்சமிருக்கிற நேரம்தான், ஆனா பிழையா போனா திரும்ப அனுப்பும், ஒரு எழுத்து கூட மாறக்கூடாதே. ஒரே ஹப்புல கெமராவும் ஓடி பைலும் கொப்பியானா கொப்பி ஆமை வேகத்துல போறதுக்கு இதுதான் காரணம், யார்லயும் பிழை இல்ல.

இப்ப ரிப்பேருக்கு வருவோம். மாட்டினா சத்தமே வரல, கொம்பியூட்டர் திரும்பியும் பார்க்கல, ஆனா போன் சார்ஜ் ஏறுதுன்னா 5 வோல்ட் வருது, டேட்டா வயர் வரல. சார்ஜருக்குன்னு விக்கிற மலிவு கேபிள் நிறையத்துக்குள்ள டேட்டா வயரே இருக்காது, ரெண்டு வயர்தான் ஓடும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கேபிள மாத்தினா போதும். கேபிள் சரியா இருந்தும் போன் காட்டலன்னா போன்ல மேல இருந்து இழுத்து "சார்ஜிங்" ன்னு இருக்கிறத "பைல் டிரான்ஸ்பர்" ன்னு மாத்தணும், இது தெரியாம எத்தன கல்யாண போட்டோ போனுக்குள்ளயே கெடக்குதோ.

சத்தம் வருது ஆனா "யூஎஸ்பி டிவைஸ் நொட் ரெகக்னைஸ்ட்" ன்னு விழுதா? அப்ப இருக்கிறது தெரிஞ்சிருக்கு, யாருன்னு கேட்டதுக்கு ஒழுங்கான பதில் வரல. டிவைஸ் மெனேஜர திறந்தா மஞ்சள் அடையாளத்தோட நிக்கும், அத டபுள் கிளிக் பண்ணா கோட் 43 ன்னு இருக்கும், டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்ட் ன்னும் சில நேரம் எழுதியிருக்கும். நம்ம பக்கத்துல இதுக்கு பெரிய காரணம் ஈரம். நுவரெலியா, தலவாக்கலை, அட்டன் பக்கமெல்லாம் மாசக்கணக்கா மழையும் பனிமூட்டமும், மேசை லாச்சிக்குள்ள போட்டு வச்ச பென் டிரைவோட தகட்டுல மங்கலா ஒரு படலம் புடிச்சிருக்கும். நல்ல அழிறப்பர் ஒன்னால மெதுவா தேய்ச்சு தூள ஊதி விட்டுட்டு மாட்டினா சில நேரம் உடனே வந்திடும். கொம்பியூட்டர் பக்கத்து வாய்க்குள்ள மட்டும் ஊசி, பின்னு, ஈரத்துணி ஒன்னும் விடாதீங்க, 5 வோல்ட் தகடு சுத்தியிருக்கிற இரும்புல முட்டினா "பவர் சேர்ஜ்" ன்னு ஒரு மெசேஜ் வந்து போர்ட் தானா பூட்டிக்கும். அப்படி பூட்டினாலும் போர்ட் செத்ததுன்னு அர்த்தமில்ல, எல்லாத்தையும் கழட்டி, மெஷின முழுசா ஓஃப் பண்ணி, பிளக்கையும் உருவிட்டு கொஞ்ச நேரம் விட்டு போட்டு பாருங்க.

கோட் 28 ன்னு வந்தா அது வேற கதை. பேச்சு முடிஞ்சிச்சு, யாருன்னு சொல்லியாச்சு, ஆனா அதோட வேலை செய்ய டிரைவர் ங்கிற சின்ன சொப்ட்வெயர் கொம்பியூட்டர்ல இல்ல. சாமான் சொல்ற விபரத்துல வகைக்கு ஒரு நம்பர் இருக்கு, கீபோர்ட் மவுஸுக்கு 3, பிரிண்டருக்கு 7, பென் டிரைவுக்கு 8. 3க்கும் 8க்கும் தேவையானது விண்டோஸுக்குள்ளயே இருக்கு, அதனாலதான் மவுஸ் வாங்கினா சீடி தேடுறதில்ல. பிரிண்டருக்கு வகை நம்பர் மட்டும் போதாது, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு பாஷை. பிரிண்டர் வாங்கினவங்க டிரைவர போட்டு முடிச்சு, அது "இப்ப கேபிள மாட்டு" ன்னு சொன்ன பொறகு மாட்டினா பாதி தலவலி கொறையும். அப்புறம் அறைய தாண்டி பிரிண்டர வைக்க நீளமா எக்ஸ்டென்ஷன் தேடி வர்றவங்க இருக்காங்க, யூஎஸ்பி 2 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. கேள்வி போய் பதில் திரும்பி வர்றதுக்கு ஒரு நேரக் கணக்கு இருக்கு, அதுக்குள்ள வரலன்னா கொம்பியூட்டர் காத்திருக்காது.

நீலக் கலர் வாய் இருக்கே யூஎஸ்பி 3, 2008ல வந்தது, அதுல பழைய நாலோட இன்னும் அஞ்சு தகடு உள்ள தள்ளி இருக்கும். மெதுவா பயந்து பயந்து தள்ளினா முன்னால இருக்கிற நாலும் முதல்ல முட்டி, யூஎஸ்பி 2 ன்னு நெனச்சு பேச தொடங்கிடும், அப்புறம் முழுசா தள்ளினாலும் சில மெஷின்ல வேகம் ஏறாது. கழட்டிட்டு ஒரே தள்ளா தள்ளுங்க. வித்தியாசம் கொஞ்ச நஞ்சமில்ல, யூஎஸ்பி 2 செக்கனுக்கு 480 மெகாபிட், யூஎஸ்பி 3 தொடக்கத்துலயே 5 கிகாபிட். பெட்டியில எழுதியிருக்கிறது பிட், நம்ம பைல் அளவு பைட், எட்டால பிரிச்சா 480 வந்து 60 மெகாபைட், கையில கெடைக்கிறது அதுலயும் கொறைவு. சி டைப் வாய் இருந்தா எல்லாம் வேகம்னு ஒரு நெனப்பு இருக்கு, அதுவும் சரியில்ல. சி ங்கிறது வாயோட வடிவம், 24 தகடு, எந்தப் பக்கமும் போடலாம், உள்ள ஓடுறது யூஎஸ்பி 2 ஆவும் இருக்கலாம். 2023ல வந்த சாதாரண ஐபோன் 15லயே சி வாய் வச்சும் வேகம் பழைய 480தான். இன்டெல் கம்பெனியில அஜய் பட் ன்னு குஜராத் பக்கத்து இன்ஜினியர் ஒருத்தர் முன்னுக்கு நின்னு செஞ்சு, ஏழு கம்பெனி சேர்ந்து 1996ல வெளிவிட்டதுதான் யூஎஸ்பி. ரெண்டு பக்கமும் போடுற மாதிரி அப்பவே செஞ்சா வயரும் சேர்க்கிட்டும் கூடி விலை ஏறும்னு விட்டுட்டாங்களாம், அதனாலதான் நாம இருபது வருசமா திருப்பி திருப்பி குத்திக்கிட்டு இருந்தோம்.

போன தேர்த்திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்ட வந்த அண்ணன் ஒருத்தர் கடைக்கு வந்து "தம்பி, சாமி பாட்டு பூரா ஏத்தி வச்ச புது 64 ஜீபி பென் டிரைவ், கொம்பியூட்டர்ல பாடுது, ஆம்ப்ளிபையர்ல மாட்டினா நோ டிஸ்க் ன்னு வருது, மாத்திக் குடுக்கவும் மாட்டேங்கிறாங்க" ன்னாரு. பென் டிரைவ்லயும் பிழையில்ல, வித்தவங்க மேலயும் பிழையில்ல. 64 ஜீபிய பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் ங்கிற பைல் அடுக்குற முறையில ஃபோர்மட் பண்ணித்தான் விக்கிறாங்க, மலிவு ஆம்ப்ளிபையர், வேன் ரேடியோ நிறையத்துக்கு ஃபேட்32 ங்கிற பழைய முறைதான் வாசிக்க தெரியும். நிறைய மெஷின்ல விண்டோஸோட ஃபோர்மட் பெட்டி 32 ஜீபிக்கு மேல ஃபேட்32ஐ காட்டாது, அப்ப வேற சொப்ட்வெயர்லதான் செய்யணும். செஞ்சு குடுத்தேன், ராத்திரி பூரா லயத்துல யாரையும் தூங்க விடல. ஃபேட்32ல ஒரே ஒரு குறை, தனி பைல் ஒன்னு 4 ஜீபிக்கு மேல ஏறாது, பாட்டுக்கு அது ஒரு பொருட்டில்ல.

"ஃபோர்மட் பண்ணணும்" ன்னு கொம்பியூட்டர் கேட்டா உடனே ஓகே அமுக்கிடாதீங்க. கொப்பியாகும்போதே பாதியில உருவினா எந்த பைல் எங்க இருக்குன்னு எழுதி வைக்கிற அட்டவணைதான் குழம்பும், பைல் பெரும்பாலும் உள்ளயேதான் இருக்கும். அத மீட்டு எடுக்க டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் ன்னு இலவச சொப்ட்வெயர் இருக்கு, அதுக்கு முன்னால அந்த பென் டிரைவ்ல புதுசா ஒன்னும் எழுதாம இருக்கணும். போல்டர் எல்லாம் ஷோர்ட்கட்டா மாறி கெடந்தா அது வைரஸ் செஞ்ச வேலை, ஒரிஜினல் பைல மறைச்சு வச்சிட்டு பொய் ஐகன முன்னால வச்சிருக்கும், அந்த ஐகன தொட்டீங்கன்னா உங்க மெஷினுக்கும் ஏறிடும். போல்டர் ஒப்ஷன்ஸ்ல ஹிடன் பைல காட்டுன்னும், சிஸ்டம் பைல மறைக்கிறத எடுன்னும் ரெண்டையும் மாத்தினா எல்லாம் வெளிய வரும். ஏ/எல் புள்ளைங்களோட புரொஜெக்ட் எத்தனையோ இப்படி வெளிய வந்திருக்கு.

கடைசியா இதுதான் முக்கியம். கொம்பியூட்டர் கேட்கும், சாமான் சொல்லும், சொன்னத கொம்பியூட்டர் அப்படியே நம்பும். வேற சாட்சி கெடையாது. பென் டிரைவ் உருவத்துல இருந்துக்கிட்டு "நான் கீபோர்ட்" ன்னு ஒன்னு சொன்னா கொம்பியூட்டர் அதை கீபோர்ட்டாத்தான் பார்க்கும், அது தானா டைப் பண்றதெல்லாம் நீங்க டைப் பண்ணதா நெனச்சுக்கும். 2014லயே சாதாரண பென் டிரைவோட உள் புரோகிராம மாத்தி இத செஞ்சு காட்டிட்டாங்க, வைரஸ் கார்டுக்கு ஒன்னும் தெரியாது. ரோட்டுல, பஸ் ஸ்டாண்டுல பென் டிரைவ் கெடந்தா எடுத்து வந்து மாட்டுற பழக்கம் நம்ம பையன்களுக்கு இருக்கு, ஒபிஸ் மெஷின்லயே மாட்டுறாங்க, அத விடணும்.

நம்ம சனங்கள அதிகமா அடிக்கிறது மத்த பொய். 2 டீபி பென் டிரைவ் ன்னு நம்ப முடியாத விலைக்கு ஒன்லைன்லயும் சந்தையிலயும் விக்கிறாங்க. எவ்வளவு கொள்ளும்னு கேட்டா 2 டீபி ன்னு சொல்ற மாதிரி உள்ள இருக்கிற கொன்ட்ரோலர மாத்தி வச்சிருப்பாங்க, உண்மையில இருக்கிறது சின்ன சிப். கொப்பி பண்ணும்போது ஒரு குறையும் தெரியாது, எடம் முடிஞ்சதும் பழசு மேலயே எழுதிக்கிட்டு போகும், பேர் எல்லாம் காட்டும், திறந்தா ஒன்னும் வராது. கொழும்புல வேலை செய்யிற மகன் அனுப்பின பேரப்புள்ள போட்டோவ எல்லாம் இதுல போட்டுட்டு போன்ல அழிச்சிட்ட ஒரு அம்மாவுக்கு என்னால ஒன்னும் செய்ய முடியல. விண்டோஸ்ல எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ்ல எஃப்3 ன்னு இலவசமா இருக்கு, பென் டிரைவ நிரம்ப எழுதி திரும்ப வாசிச்சு பார்த்து எங்க வரைக்கும் உண்மைன்னு சொல்லிடும். பெருசுன்னா மணிக்கணக்கா எடுக்கும், ராத்திரி போட்டு விடலாம். வாங்குறதுக்கு முன்னாலயே "செக் பண்ணி பிழைன்னா திருப்பி எடுப்பீங்களா" ன்னு கேட்டு பில்லுலயே எழுதி வாங்குங்க, எங்க டவுன்ல எழுதிக் குடுக்கிற கடை இருக்கு, எழுத மாட்டேன்னு சொல்ற எடத்துல நான் வாங்குறதில்ல.

இப்படிக்கு,
கொமியூனிகேஷன் கடைக்காரன்,
தலவாக்கலை.